கண்மாய் மீனும் கைரல் பூச்சிமருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குக் கடல் மீன்தான் நினைவுக்கு வரும். ஆனால் கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்தால், மழை முடிந்த மாதங்களில் பல வீடுகளில் கொதிப்பது கண்மாய் மீன் குழம்பு. விரால், கெளுத்தி, ஜிலேபிக் கெண்டை, குறவை, அயிரை, குத்தகைக்காரர்கள் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லா, ரோகு எல்லாம் அதில் உண்டு. இந்த மீனில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா, இருந்தால் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்ப்பது என் வேலையோடு சேர்ந்தது. மீன் குத்தகை எடுத்தவர்கள், மிளகாய் விவசாயிகள், வேதியியல் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

கைரல் பூச்சிமருந்து என்றால் என்ன?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வலையிலும் கையிலும் சாதாரணமாகக் கிடைப்பது இடம்புரிச் சங்கு. அபூர்வமாகக் கிடைப்பது வலம்புரி. இரண்டும் ஒரே சுண்ணாம்பு, ஒரே இனம். ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

சில மூலக்கூறுகளும் இப்படித்தான். ஒரு கார்பன் அணுவில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால், அதே தொகுதிகளை இரண்டு விதமாக அடுக்கலாம். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பிம்பமாக இருக்கும். ஒளியை ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் சுழற்றும். பாஸ்டர் 1848இல் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்து இரண்டு வகையாகப் பொறுக்கிப் பிரித்ததிலிருந்து தொடங்குகிறது இந்த அறிவு. கார்பன் மட்டுமல்ல, பாஸ்பரஸும் கந்தகமும்கூட இந்த மையமாக இருக்கலாம். புரோபெனோபாஸில் பாஸ்பரஸ், பிப்ரோனிலில் கந்தகம்.

சங்கில் ஒரு வடிவம் மிக அரிது. தொழிற்சாலையில் செய்யும் மருந்தில் அப்படி இல்லை. வழக்கமான தயாரிப்பில் இரண்டு வடிவமும் சரிபாதியாகவே உருவாகும். அதைச் சுழிமாய்க் கலவை என்பார்கள். இந்தப் பக்கத்தில் 'வலஞ்சுழி', 'இடஞ்சுழி' என்று நான் எழுதுவது இந்த இரண்டு பாதிகளைத்தான்.

நம் பக்கம் அடிக்கிற மருந்துகளில் எவையெல்லாம் இப்படிப்பட்டவை?

நிறைய. மிளகாய்ச் செடிக்கு இலைப்பேனுக்கும் காய்ப்புழுவுக்கும் அடிக்கும் பிப்ரோனில், லாம்டா சைஹலோத்ரின், இண்டாக்சாகார்ப் எல்லாம் கைரல். பருத்திக்கு அடிக்கும் சைபர்மெத்ரினும் புரோபெனோபாஸும் அப்படியே. அசிபேட், மாலத்தியான், பூஞ்சாணத்துக்கு அடிக்கும் ஹெக்சகோனசோல், டெபுகோனசோல், டைபெனோகோனசோல், மெட்டலாக்சில் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

கைரல் அல்லாதவையும் உண்டு. இமிடாகுளோபிரிட், குளோர்பைரிபாஸ், குளோரான்ட்ரானிலிபுரோல் மூன்றிலும் பிரிப்பதற்குப் பாதிகளே இல்லை. ஆக, உங்கள் ஊரில் என்ன அடிக்கிறார்கள் என்று மருந்துக்கடையில் விசாரித்துவிட்டு வந்தால், எதைத் தேடுவது என்று தெரிந்தே வேலையைத் தொடங்கலாம். அந்த ஒரு விவரம் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஒரே பெயர், ஒரே சூத்திரம், ஒரே எடை. பிறகு எந்தப் பாதி என்று பார்த்து என்ன ஆகப் போகிறது?

உயிருள்ள உடம்பின் நொதிகளும் நரம்பின் வாயில்களும்கூட ஒரு பக்கச் சாய்வு உள்ளவை. அதனால் ஒரு பாதி அங்கே கச்சிதமாகப் போய் உட்காரும், மற்றது உட்காராது. ஒரு பாதியை நொதி சீக்கிரம் உடைக்கும், மற்றதை விட்டுவிடும்.

சைபர்மெத்ரினைப் பாருங்கள். அதில் மூன்று கைரல் மையங்கள் இருப்பதால் மொத்தம் எட்டு வடிவங்கள். பூச்சியைக் கொல்வது பெரும்பாலும் அவற்றில் இரண்டே இரண்டுதான். நீரில் வாழும் நுண்ணிய உயிர்களைக் கொல்வதும் அதே இரண்டுதான் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். மற்ற ஆறும் பயிருக்குப் பெரிய உதவி எதுவும் செய்யாமல் மண்ணிலும் நீரிலும் போய்ச் சேர்கின்றன.

அப்படியானால் வேலை செய்யாத பாதி சாதுதானே என்று கேட்பார்கள். இல்லை. பைபென்த்ரின் என்ற இன்னொரு பூச்சிமருந்தில், பூச்சியையும் நீர்வாழ் சிற்றுயிர்களையும் தாக்குவது ஒரு பாதி. ஆனால் மீனின் உடலில் பெண் இனச்சுரப்பு போல நடந்துகொண்டு, முட்டைக் கருவுக்கான புரதத்தைத் தேவையில்லாமல் சுரக்க வைப்பதில் முந்துவது மற்ற பாதி. ஜப்பானிய நெல்வயல் மீனான மெடாக்காவில் இதைப் பார்த்திருக்கிறார்கள். பழைய டிடிடியிலும் இதே கதைதான். அதில் சிறுபான்மையாக இருக்கும் ஓ,பி-டிடிடி என்ற வகை கைரல். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் இனச்சுரப்பு போல நடிப்பதில் அதன் இடஞ்சுழிப் பாதிதான் முன்னால் நிற்கிறது. பூச்சிக்கு ஒரு பாதி, மீனின் இனப்பெருக்கத்துக்கு இன்னொரு பாதி என்று ஆபத்து பிரிந்து கிடக்கும்போது, இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் விஷயத்தில் பாதி மறைந்துபோகிறது.

வயலில் அடித்தது கண்மாய் மீனுக்குள் எப்படிப் போகிறது?

நம் மாவட்டத்தின் நில அமைப்பே அதற்கு வழி. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும்போது, மேட்டு நிலத்துத் தண்ணீர் வரத்துக் கால்வழியாகக் கண்மாயில் இறங்கும். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலே உள்ள ஊரில் அடித்த மருந்து கீழே உள்ள ஊரின் மீனில் வந்து நிற்பதற்கு இந்தச் சங்கிலி போதும். வைகையின் கடைசித் தண்ணீரும் இப்படித்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து, மிச்சம் ஆற்றங்கரை பக்கம் கடலில் கலக்கிறது.

முதல் வெள்ளம் கலங்கலாக வரும். அதில் மிதந்து வரும் களிமண் துகள்தான் முக்கியமான வாகனம். சைபர்மெத்ரின், லாம்டா போன்ற பைரித்ராய்டுகள் தண்ணீரில் கரைய விரும்பாது. மண் துகளையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். அதனால் தெளிந்த தண்ணீரை மட்டும் பரிசோதித்து எதுவும் இல்லை என்ற முடிவு வந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அடியில் படியும் வண்டலையும் பார்க்க வேண்டும். வண்டலைக் கிளறித் தின்னும் கெளுத்தி, மிர்கால், அயிரை போன்றவற்றின் குடலிலும், அங்கிருந்து உடம்பின் கொழுப்பிலும் அது ஏறும்.

காலமும் இதற்குச் சாதகமாக அமைந்துவிடுகிறது. மிளகாய்க்கு மருந்து அடிப்பது மழைக்குப் பிந்தைய மாதங்களில். கண்மாய் வற்றி, மாசி பங்குனியில் மீன் அள்ளும்போது இருக்கும் கொஞ்சத் தண்ணீரில் சேறு கலங்கியே கிடக்கும். கரம்பை மண்ணை அள்ளிக்கொண்டு போய் வயலில் போடுவதும் உண்டு. மேலிருந்து வந்ததில் ஒரு பகுதி அப்படித் திரும்பவும் வயலுக்கே போகும்.

பி.எச்.சி. பவுடரைத் தடை செய்து இவ்வளவு காலம் ஆகிவிட்டதே. இன்னும் ஏன் அதைத் தேடுகிறீர்கள்?

இந்தியாவில் பி.எச்.சி. 1997இல் தடை செய்யப்பட்டது. விவசாயத்துக்கு டிடிடி அதற்கு முன்பே, 1989இல் நிறுத்தப்பட்டது. இருந்தாலும் இவை எளிதில் அழியாத ரகம்.

அந்தப் பழைய பவுடரில் பூச்சியைக் கொல்லும் காமா வடிவம் கொஞ்சம்தான். பெரும்பங்கு, சுமார் 60 முதல் 70 சதவீதம், ஆல்ஃபா வடிவம். பி.எச்.சி.யின் இன்னொரு பெயர்தான் எச்.சி.எச். அதன் வடிவங்களில் கைரலாக இருப்பது அந்த ஆல்ஃபா ஒன்றுதான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இரண்டு பாதியும் சமமாக வந்தது. மண்ணில் பல வருடம் கிடந்து நுண்ணுயிர் தின்றதென்றால் ஒரு பாதி குறைந்திருக்கும். ஆகவே மீனில் இருக்கும் ஆல்ஃபா எச்.சி.எச்.சின் இரு பாதிகளை அளந்தால், அது உயிர்கள் கைவைக்காத சரக்கா, மண்ணில் கிடந்து உயிர்களின் கைபட்டு வந்ததா என்று ஊகிக்க வழி கிடைக்கிறது. மொத்த அளவு மட்டும் இதைச் சொல்லாது.

சாதாரண பூச்சிமருந்து எச்சப் பரிசோதனையில் இது தெரியாதா?

தெரியாது. மாதிரியில் உள்ள பொருட்களைத் தனித்தனியாக வெளியே அனுப்பும் வழக்கமான பிரிப்புக் குழாய்க்குள் இரண்டு பாதியும் ஒன்றாகவே நுழைந்து ஒன்றாகவே வெளியே வரும். திரையில் கோடு ஒரே இடத்தில்தான் மேலெழும், அதாவது ஒரே முகடு. அதற்குப் பின்னால் மூலக்கூறின் எடையை அளக்கும் நிறைமானியை எவ்வளவு விலை கொடுத்து வைத்தாலும் பயனில்லை. இரண்டின் எடையும் ஒன்று, உடையும் துண்டுகளும் ஒன்று.

ஒரு விதிவிலக்கு உண்டு. சைபர்மெத்ரின் போல ஒன்றுக்கு மேல் மையம் உள்ள மருந்தில், ஒன்றுக்கொன்று பிம்பமாக இல்லாத வடிவங்களைச் சாதாரணக் குழாயே பிரித்துவிடும். அதனால் சைபர்மெத்ரின் நான்கு முகடாகத் தெரியும். எட்டும் பிரிந்துவிட்டது என்று மாணவர்கள் சிலர் நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முகட்டுக்குள்ளும் ஒரு ஜோடி ஒளிந்திருக்கிறது.

மீன் மாதிரி எப்படி எடுக்க வேண்டும்?

முடிவு கெடுவது பெரும்பாலும் லேபில் அல்ல, கரையில்.

எந்த மீன், எந்தக் கண்மாய், எந்த மடைப் பக்கம், எந்தத் தேதி, கடைசியாகப் பக்கத்து வயலில் என்ன அடித்தார்கள் என்று பிடித்த இடத்திலேயே எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் கெளுத்தியும் குறவையும் கலந்துபோகும். ஒரே இனத்தில், ஏறக்குறைய ஒரே அளவில், பல மீன்கள் வேண்டும். ஒற்றை விராலை வைத்துக் கண்மாய் முழுவதையும் பற்றிப் பேச முடியாது.

பிடித்த மீனை நல்ல தண்ணீரில் அலசி, அலுமினியத் தாளில் சுற்றி, அதன் பிறகு பைக்குள் போட்டு ஐஸில் வைக்கவும். நேரடியாகப் பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் தாலேட் பொருட்கள் மீனின் கொழுப்பில் இறங்கி, கருவியில் தேவையில்லாத முகடுகளாக வந்து நிற்கும். கடையில் வாங்கி வந்த, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று தெரியாத மீன் இந்த வேலைக்கு ஆகாது. அன்றே லேபுக்குப் போக முடியாவிட்டால் மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கவும். வாடிய மீனில் நொதிகளும் பாக்டீரியாக்களும் வேலை செய்துகொண்டே இருக்கும். நாம் அளக்க வந்ததே அவை செய்யும் மாற்றத்தைத்தான் என்பதால், பிடித்த பிறகு நடந்த மாற்றமும் சேர்ந்துவிட்டால் கணக்கே தவறும்.

மீனோடு அதே இடத்துத் தண்ணீரையும் வண்டலையும் எடுங்கள். தண்ணீர் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், வாய் வரை நிரம்ப. இது கூடுதல் வேலைதான், ஆனால் அது இல்லாமல் மீனில் வரும் எண்ணுக்கு அர்த்தம் சொல்வது கடினம்.

லேபில் முதலில் என்ன செய்வார்கள்?

சதையைத் தனியாக எடுத்து, உறைந்த நிலையிலேயே அரைப்பார்கள். சிறு மீன் என்றால் முழுதாக. பிறகு 2003இல் அறிமுகமாகி இன்று உலகமெங்கும் பழகிவிட்ட 'குவெச்சர்ஸ்' முறைதான் பெரும்பாலும். 10 கிராம் அரைத்த மாதிரி, 10 மில்லி அசிட்டோநைட்ரைல், நன்றாகக் குலுக்கல். அப்புறம் 4 கிராம் மெக்னீசியம் சல்பேட்டும் 1 கிராம் உப்பும். தண்ணீர் ஒரு பக்கம், மருந்தைச் சுமந்த கரைப்பான் இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிடும்.

காய்கறிக்குக் கண்டுபிடித்த முறை இது. மீனில் தொல்லை கொடுப்பது கொழுப்பு. நன்கு கொழுத்த கெளுத்தியில் கரைப்பான் மஞ்சளாகவே வரும். அதை அப்படியே உறையவைத்தால் கொழுப்பில் ஒரு பங்கு கட்டியாகி அடியில் உட்காரும். மேலே உள்ளதை எடுத்து சி-18, பி.எஸ்.ஏ. என்ற தூள்களோடு குலுக்கினால் மிச்சம் கொஞ்சம் போகும். பி.எச்.சி., டிடிடி மாதிரி உறுதியான பொருட்களுக்கு மட்டும் என்றால் கந்தக அமிலம் விட்டே கொழுப்பை எரிக்கலாம். ஆனால் அதே கையோடு பாஸ்பரஸ் மருந்துகளையும் பார்க்க நினைத்தால் அவை அமிலத்தில் சிதைந்துபோகும். முதலிலேயே மாதிரியை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு பாதியையும் பிரிப்பது எப்படி?

பிரிப்புக் குழாயின் உள்பூச்சே கைரலாக இருக்க வேண்டும். அப்போது ஒரு பாதி பூச்சோடு கொஞ்சம் கூடுதலாக ஒட்டி, மற்றதைவிடத் தாமதமாக வெளியே வரும்.

மாதிரியை ஆவியாக்கிக் குழாயில் ஓட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபியில் இதற்குச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரைப் பூச்சு. ஆல்ஃபா எச்.சி.எச்., ஓ,பி-டிடிடி, பைபென்த்ரின் போன்றவை இதில் நன்றாகப் பிரியும். ஆனால் இந்தப் பூச்சு அதிகச் சூடு தாங்காது. மெதுவாகச் சூடேற்ற வேண்டியிருப்பதால் ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மாதிரியைத் திரவத்தோடு ஓட்டும் திரவக் குரோமட்டோகிராஃபியில் செல்லுலோஸ் அல்லது அமிலோஸிலிருந்து செய்த பூச்சுகள். ஹெக்சகோனசோல், மெட்டலாக்சில், பிப்ரோனில் போன்றவற்றுக்கு இதுவே வசதி. அழுத்தத்தில் வைத்த கரியமில வாயுவையே கரைப்பானாக ஓட்டும் முறையும் இப்போது பரவுகிறது. அது வேகமானது, கரைப்பான் செலவும் குறைவு.

சைபர்மெத்ரின்தான் பிடிவாதக்காரன். சைக்ளோடெக்ஸ்ட்ரின் குழாயில் 'சிஸ்' வகைகள் (இரு தொகுதிகள் ஒரே பக்கம் இருப்பவை) பிரியும், 'டிரான்ஸ்' ஜோடிகள் (எதிரெதிர்ப் பக்கம் இருப்பவை) பிரியாமல் ஒட்டிக்கொண்டே வரும். எட்டுக்குப் பதில் ஆறு முகடு. எட்டையும் பார்க்கத் திரவக் குரோமட்டோகிராஃபியில் கைரல் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. சைபர்மெத்ரினிலும் டெல்டாமெத்ரினிலும் சயனோ தொகுதி ஒட்டியிருக்கும் கார்பன் உறுதியாக நிற்காது. மெத்தனாலில் கரைத்து வைத்தால் புரளும். கருவியின் நுழைவாயில் சூட்டிலும் புரளும். ஒரு வடிவம் மற்றொன்றாக மாறிவிடும். மீனுக்குள் நடந்த மாற்றம் என்று நாம் எழுதுவது உண்மையில் நம் குப்பிக்குள் நடந்ததாக இருக்கலாம். அதனால் இவற்றை ஹெக்சேனில் வைப்பதும், அசிட்டோநைட்ரைல் என்றால் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்ப்பதும், நுழைவாயில் சூட்டைக் குறைப்பதும் கட்டாயம். பைபென்த்ரினில் அந்தச் சயனோ தொகுதியே இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது. புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு முதலில் பைபென்த்ரினில் கைபழகச் சொல்வேன்.

கணக்கு எப்படிப் போடுகிறீர்கள்?

மொத்தத்தில் ஒரு பாதியின் பங்கு எவ்வளவு என்பதை லேபில் 'இ.எஃப்.' என்போம். வலஞ்சுழிப் பாதியின் முகட்டுப் பரப்பை, இரண்டு பாதிகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பரப்பு 6300, மற்றது 2700 என்று வைத்துக்கொள்வோம். 6300ஐ 9000ஆல் வகுத்தால் 0.70. சரிபாதியாக இருந்தால் 0.50. ஒரு பாதி மட்டும் இருந்தால் 1 அல்லது 0.

எந்த முகடு வலஞ்சுழி என்பது தானாகத் தெரியாது. ஒற்றை வடிவத் தரப்பொருளை ஓட்டியோ, ஒளிச்சுழற்சி காட்டும் கருவியை வைத்தோ உறுதி செய்ய வேண்டும். குழாய் மாறினால் வரிசையும் மாறக்கூடும்.

நம்பகத்துக்கு நான் பார்க்கும் முதல் சோதனை இதுதான்: எச்சம் இல்லாத மீன் சதையில் சுழிமாய்க் கலவையைச் சேர்த்து, அரைப்பது முதல் கருவி வரை எல்லாப் படிகளையும் செய்து பார்க்க வேண்டும். முடிவில் 0.50க்கு ஒட்டியே வர வேண்டும். அது 0.54 என்று வந்தால், கண்மாய் மீனில் வந்த 0.56ஐ வைத்து எதுவும் சொல்லக் கூடாது. அதே போல, ஒரு பாதி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் இ.எஃப். எழுதுவதையே தவிர்க்க வேண்டும். கொழுப்பிலிருந்து வரும் ஏதோ ஒரு பொருள் ஒரு முகட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் எண் சாய்ந்துவிடும். வேறொரு வகைக் குழாயிலோ வேறொரு நிறைத் துண்டிலோ மறுபடி அளந்து பார்ப்பது அதற்காகத்தான்.

சரி, எண் வந்துவிட்டது. அது என்ன சொல்கிறது?

வெயிலில் சிதைவது, தண்ணீரில் தானாக உடைவது, காற்றில் ஆவியாவது எல்லாம் இரண்டு பாதியையும் ஒரே மாதிரிதான் குறைக்கும். இ.எஃப். மாறாது. நுண்ணுயிரோ மீனின் ஈரலோ கைவைத்தால்தான் மாறும். ஆகவே 0.50லிருந்து விலகிய எண், உயிர் ஒன்று இதைத் தொட்டிருக்கிறது என்று சொல்கிறது.

ஆனால் எங்கே தொட்டது? மண்ணிலா, கண்மாயிலா, மீனுக்குள்ளா? தண்ணீரும் வண்டலும் கேட்டது இதற்குத்தான். வண்டலில் 0.50, மீனில் 0.70 என்றால் மாற்றம் மீனின் உடம்பில். இரண்டிலும் 0.70 என்றால் மீன் வெறுமனே வாங்கி வைத்திருக்கிறது. இனத்துக்கு இனம் நொதிகள் வேறு என்பதால் விராலின் எண்ணைக் கெண்டைக்குப் பொருத்தக் கூடாது.

0.50 வந்தால் 'நேற்று அடித்தது' என்று அவசரப்படவும் வேண்டாம். சில மருந்துகளை உயிர்கள் பாரபட்சமின்றியே உடைக்கும். இன்னொரு கண்ணி, விற்பனைக்கு வரும் சரக்கிலேயே இருக்கிறது. டெல்டாமெத்ரின் ஒற்றை வடிவமாகவே விற்கப்படுகிறது. இண்டாக்சாகார்ப் பெரும்பாலும் 75க்கு 25 என்ற விகிதத்தில் வருகிறது. கடைச் சரக்கின் விகிதம் தெரியாமல் மீனின் விகிதத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது. எட்டு வடிவமும் உள்ள சாதாரண சைபர்மெத்ரினும் அவற்றில் இரண்டு மட்டும் உள்ள ஆல்ஃபா சைபர்மெத்ரினும் ஒரே கடையில் ஒரே அலமாரியில் இருக்கும் ஊர் நம்முடையது என்பதை மறக்கக் கூடாது.

இந்த முறை எவ்வளவு துல்லியமாகப் பேசும் என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் கிரைஃபன்சே ஏரி சாட்சி. அங்கே மெட்டோலாக்லோர் என்ற களைக்கொல்லி முதலில் களையைக் கொல்லும் வடிவங்களும் கொல்லாத வடிவங்களும் சமமாக இருந்த கலவையாக விற்றது. 1990களின் கடைசியில் கொல்லும் வடிவம் மிகுந்த புதுச் சரக்கு சந்தைக்கு வந்தது. ஏரித் தண்ணீரில் விகிதத்தை அளந்தவர்களுக்கு அந்த மாற்றம் அப்படியே தெரிந்தது. வயலில் விவசாயி பாட்டிலை மாற்றியதை ஏரி சொல்லிவிட்டது. நம் கண்மாய்களிலும் இதைச் செய்ய முடியும் என்பதுதான் எனக்கு இந்த வேலையில் இருக்கும் பெரிய ஆசை.

சட்டத்தில் எந்தப் பாதிக்கு எவ்வளவு என்று வரம்பு இருக்கிறதா?

வரம்புகள் பொதுவாக எல்லா வடிவங்களின் கூட்டுத்தொகைக்கே. சைபர்மெத்ரின் என்றால் எட்டும் சேர்த்துத்தான். அதனால் கைரல் முடிவை வைத்து ஒரு மீனைச் சட்டப்படி நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

என் கருத்து, கூட்டுத்தொகை வரம்பு இருக்கட்டும், ஆனால் கண்காணிப்பில் பாதிகளையும் பதிவு செய்யத் தொடங்க வேண்டும். ஏற்றுமதிக்குப் போகும் வளர்ப்பு இறாலுக்கு எச்சக் கண்காணிப்புத் திட்டமே இருக்கிறது. கரையில் எடை போட்டு அன்றைக்கே விற்றுத் தீரும் கண்மாய் மீனைத் தின்பது நம் பிள்ளைகள். அந்த மீனுக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும்.

கண்மாயில் மீன் செத்து மிதக்கிறது. உடனே கைரல் பரிசோதனை செய்யலாமா?

அது முதல் வேலை அல்ல. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, பெரிய மீன்கள் முதலில் செத்தால், பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. மருந்து அடித்த பிறகோ மழைக்குப் பிறகோ எந்த நேரத்திலும் நடந்து, கண்மாய் இறாலும் நீர்ப்பூச்சிகளும் முதலில் செத்திருந்தால் பைரித்ராய்டைச் சந்தேகிக்கலாம். பல மீன்களுக்கு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் சைபர்மெத்ரினே போதும். துடித்துக்கொண்டிருக்கும் மீனையும் தண்ணீரையும் உடனே எடுத்து ஐஸில் வையுங்கள். முதலில் சாதாரண எச்சப் பரிசோதனை. என்ன மருந்து என்று தெரிந்த பிறகு பாதிகளைப் பிரிக்கலாம்.

அப்படியானால் கண்மாய் மீனைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். மீன் செத்து மிதந்த கண்மாய், கண்ணெதிரே மருந்துத் தெளிப்பான் கழுவிய குட்டை, இவற்றின் மீனை மட்டும் ஒதுக்குங்கள். இந்த மருந்துகளில் பல கொழுப்பில் தங்குபவை என்பதால் குடல், ஈரல், வயிற்றுப் பக்கக் கொழுப்பு ஆகியவற்றை எடுத்துவிட்டாலே ஒரு பங்கு குறையும். பெரிய கெளுத்தியில் அந்த மஞ்சள் கொழுப்பு கண்ணுக்கே தெரியும்.

அயிரைக்கு வருவோம். உயிரோடு பாலில் விட்டால் மண்ணைக் கக்கிவிடும் என்று வீட்டில் செய்வது வழக்கம். குடலில் உள்ள சேறு வெளியேறுவது உண்மை, அது நல்லதே. ஆனால் உடம்புக் கொழுப்பில் ஏறிவிட்டது அந்தச் சிறிது நேரத்தில் வெளியே வராது. குடலோடு முழுதாகத் தின்னும் மீன் என்பதால், பரிசோதிக்க ஒரே ஒரு இனத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் அயிரையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பறவைகளுக்குப் பாதிப்பு உண்டா?

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகிய நம் கண்மாய்கள் நான்கும் இன்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள பறவைச் சரணாலயங்கள். அங்கே வரும் கூழைக்கடாவும் நாரையும் தின்பது இதே மீனை. பறவையின் ஈரல் வேறொரு பாதியை உடைக்கலாம் என்பதால், மீனின் விகிதம் பறவையில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. டிடிடி வகைகள் பறவை முட்டையின் ஓட்டை மெலிய வைத்த கதை உலகம் அறிந்தது. கூட்டில் பொரியாமல் கிடக்கும் முட்டைகளை வனத்துறை அனுமதியோடு எடுத்து அளந்தால் நிறையத் தெரியவரும்.

எங்கே பரிசோதிக்கலாம்?

பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகங்கள் தமிழ்நாட்டில் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது. ஆனால் பாதிகளைப் பிரிப்பது காசு கட்டி மறுநாள் வாங்கும் சேவையாக நடப்பதில்லை. பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் திட்டமாகத்தான் நடக்கும். மீனை அனுப்பும் முன் போனில் நான்கு விஷயம் கேளுங்கள்: கைரல் பிரிப்புக் குழாய் இருக்கிறதா, நீங்கள் சந்தேகிக்கும் மருந்துக்கு அது பொருந்துமா, மீன் சதையில் சுழிமாய்க் கலவை சேர்த்துச் சரிபார்த்திருக்கிறார்களா, தண்ணீரையும் வண்டலையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்களா. நான்குக்கும் ஆம் என்று பதில் வந்தால் அனுப்புங்கள். முதல் கேள்விக்கே இல்லை என்றால், மொத்த அளவை மட்டும் அங்கே பார்த்துவிட்டு, மிச்ச மாதிரியை அலுமினியத் தாளோடு உறைபெட்டியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டில் கண்மாய்ப் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதியிருக்கட்டும், பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.